வெடியுப்பும் பவளமும்

மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களிலிருந்து பிரித்தெடுத்த தாலுகாக்களைக் கொண்டு 1910-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட பழைய இராமநாதபுரம் ஜில்லா, 1985-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மூன்றாகப் பிரிந்து விருதுநகர் தனி மாவட்டமாகும் வரையில், மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரம் தொடங்கிக் கிழக்கே தனுஷ்கோடியின் மணல்முனை வரையில் பரந்து கிடந்தது. சிவகாசியின் கரிசல் பூமியும், மண்டபத்துக்கு அருகே குருசடைத் தீவைச் சூழ்ந்த பவளப் பார்களும் முக்கால் நூற்றாண்டுக் காலம் ஒரே கலெக்டரின் அதிகார எல்லைக்குள் இருந்தன என்பதை இன்று நினைத்துப் பார்ப்பவர் சிலரே. மழை பொய்த்த நிலத்தில் நெருப்பைத் தொழிலாகக் கொண்ட ஊருக்கும், கடலடியில் வெயிலின் ஒளியால் வளரும் ஜீவராசிக்கும் நிர்வாக எல்லையைத் தவிர வேறு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு, பட்டாசு மருந்தின் முதற்சரக்காகிய வெடியுப்பில் அது இருக்கிறது. வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட். அந்த நைட்ரேட்தான் பவளத்துக்கு ஓர் அளவில் உணவாகவும், அளவு மிஞ்சினால் கேடாகவும் அமைகிறது. எந்த அளவில் உணவு, எந்த அளவில் கேடு என்பதை மனிதர் கண்டறிந்த வரலாறு, கடலில் பாதியும் கண்ணாடித் தொட்டியில் பாதியுமாக நடந்தேறிய நீண்ட வரலாறு.

வெடியுப்பு நம் நாட்டில் சுரங்கம் வெட்டி எடுத்த பொருள் அன்று. மாட்டுத் தொழுவங்களின் தரையிலும், ஊர்ப்புறத்துப் பழமண் மேடுகளிலும், இடிந்த சுவர்களின் அடியிலும் வெள்ளையாகப் பூத்து நிற்கும் உப்பை மண்ணோடு சுரண்டியெடுத்து, அம்மண்ணைத் தொட்டியிலிட்டு நீர் ஊற்றி வடித்து, வடிந்த நீரை மரச்சாம்பலின் காரத்தோடு சேர்த்துக் காய்ச்சி, ஆறவைத்துப் படிகமாக்குவதே பழைய முறை. பீகாரில் நோனியர் என்னும் வகுப்பினரும், தமிழ்நாட்டில் உப்பிலியர் போன்றோரும் உப்பு மண்ணை வடிக்கும் இக்கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தனர். பதினேழாம் நூற்றாண்டு முதல் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் பாட்னாப் பக்கத்திலிருந்து கப்பல் கப்பலாக ஏற்றிச் சென்ற வெடியுப்பு, ஐரோப்பிய யுத்தகளங்களில் புகையாய்ப் போயிற்று. தொழுவத்து மண்ணில் இவ்வுப்பு எவ்வாறு தோன்றுகிறது என்பதை மட்டும் அதைக் காய்ச்சியவரும் அறியார். விலை கொடுத்து வாங்கியவரும் அறியார்.

1877-ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து ரசாயன அறிஞர்களான ஷ்லோசிங், மியுன்ஸ் இருவரும், சாக்கடை நீரை மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிறைந்த குழாயின் வழியே மெல்ல மெல்ல இறங்கவிட்டு, அதிலுள்ள அம்மோனியா நைட்ரேட்டாக மாறுவதையும், குளோரோபாரத்தின் ஆவியைப் புகுத்தியவுடன் அம்மாற்றம் நின்றுவிடுவதையும் கண்டு, இஃது உயிருள்ள நுண்ணுயிர்களின் செயலே என்று ஸ்தாபித்தனர். இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சிப் பண்ணையிலிருந்த ராபர்ட் வாரிங்டன் என்பவர் இதைத் தொடர்ந்து பரீட்சித்து, அம்மோனியாவை நைட்ரைட்டாக்குவது ஒருவகை நுண்ணுயிர், நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குவது வேறொரு வகை என்பதைக் காட்டினார். 1890-ஐ ஒட்டி ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி அவற்றைத் தனியே பிரித்து வளர்த்தார். இதில் நான் வியந்து நிற்கும் செய்தி ஒன்று உண்டு. இந்த வாரிங்டனின் தந்தையும் அதே பெயருடைய ரசாயன அறிஞர். தங்கமீனும் நீர்த்தாவரமும் நத்தையும் சேர்ந்து வாழும் தொட்டியில், நீரை மாற்றாமலே உயிர்களைக் காப்பாற்ற முடியும் என்பதை 1850-இல் லண்டன் ரசாயன சங்கத்துக்கு எடுத்துரைத்து, மீன்தொட்டிக் கலைக்கு அஸ்திவாரமிட்டவர்களில் ஒருவர். தந்தை தொட்டியில் ஒரு சமநிலையைக் கண்டார். அதை மறைவிலிருந்து நடத்தும் உயிர்களின் இயல்பை மகன் வயல் மண்ணில் கண்டார். தொழுவத்து மண்ணில் வெடியுப்பைப் பூக்கச் செய்யும் நுண்ணுயிர்களின் இனமே, இன்று பவளத் தொட்டி வைத்திருப்போர் கல்லிலும் மணலிலும் குடியேற்றிப் பேணும் நுண்ணுயிர்களின் இனமும் ஆகும்.

சென்னையில் உப்பு மண்ணும் கடல்நீரும் ஒரே மனிதரின் அக்கறைக்கு உட்பட்டிருந்தன. அரசாங்க அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கார் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகளில் எழுதி, அவற்றுள் உப்பிலியரையும் குறிப்பிட்டு 1909-இல் வெளியிட்டார். அவர் முயற்சியால் மெரினாக் கடற்கரையில் எழுந்த மீன் காட்சிச்சாலை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். இராமேசுவரத் தீவையும் மன்னார் வளைகுடாவின் உயிரினங்களையும் பற்றி அவர் 1895-இலேயே எழுதியிருந்தார். இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பானியரின் குண்டுவீச்சுக்கு அஞ்சி அக்காட்சிச்சாலை மூடப்பட்டு, பின்னர் திறக்கப்படாமலே மறைந்தது ஒரு பெரிய நஷ்டம். ஆயினும் மன்னார்க் கடலின் ஆராய்ச்சி நின்றுவிடவில்லை. குருசடைத் தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றிய அருங்காட்சியக வெளியீடு 1927-இல் வந்தது. 1947-இல் தோன்றிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், இரண்டு ஆண்டுகளுக்குப் பின், இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளரைத் தடுத்து வைத்துச் சோதித்த மண்டபம் முகாமின் கட்டடங்களில் குடியேறியது. அங்கே பணிபுரிந்த சி. எஸ். கோபிநாத பிள்ளை, மன்னார் வளைகுடாவின் கற்பவளங்களில் 94 இனங்களை இனங்கண்டு பட்டியலிட்டார்.

இதற்கிடையே ஜில்லாவின் மேற்குக் கோடியில் வேறொரு சரித்திரம் நடந்துகொண்டிருந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைப் பயின்று வந்து 1923-ஐ ஒட்டிச் சிவகாசியில் அதைத் தொடங்கியதும், தீப்பெட்டியிலிருந்து பட்டாசு கிளைத்ததும், 1940-ஆம் ஆண்டின் வெடிமருந்து விதிகள் அத்தொழிலுக்கு உரிமமும் ஒழுங்கும் வகுத்ததும் பலரும் அறிந்தவை, விரித்தெழுத வேண்டியதில்லை. இந்த வட்டாரத்தில் வழங்கும் சரக்குகளின் பெயர்களை மட்டும் கவனிக்க வேண்டும். வெடியுப்பு பொட்டாசியத்தின் நைட்ரேட். மத்தாப்புக்கும் பூச்சட்டிக்கும் பச்சை ஒளி தருவதும், 2018-இல் உச்ச நீதிமன்றம் தடை செய்ததுமாகிய பச்சை உப்பு பேரியத்தின் நைட்ரேட். தீப்பெட்டியின் உரசும் பக்கத்தில் பூசுவது சிவப்புப் பாஸ்பரம். நைட்ரஜனும் பாஸ்பரமுமே பவளக் கடலின் செல்வத்தையும் வறுமையையும் தீர்மானிக்கும் இரண்டு தாதுக்கள்.

பவளப் பார் வளரும் வெப்பக் கடலின் நீர் கண்ணாடிபோல் தெளிந்திருப்பதற்குக் காரணம் அதன் வறுமை. உரச்சத்து இல்லாத நீரில் மிதக்கும் பாசி இல்லை, பாசி இல்லாததனால் கலங்கல் இல்லை. அந்தப் பாலைவனத்தில் கோடானுகோடி உயிர்கள் நெருங்கி வாழும் பவளப் பார் எவ்வாறு எழுந்தது என்னும் புதிருக்கு, பவளத்தீவுகளின் அமைப்பைப் பற்றி 1842-இல் நூல் எழுதிய டார்வினின் பெயரைப் பின்வந்தோர் சூட்டினர். 1928-இல் மாரிஸ் யாங் என்னும் விலங்கியல் அறிஞரின் தலைமையில் ஆஸ்திரேலியாவின் மகா பவளத்திட்டுக்குச் சென்ற குழுவினர், ஓராண்டுக்கு மேல் ஒரு சிறு தீவில் தங்கிப் பவளத்தின் ஆகாரத்தை ஆராய்ந்து, பவளத்தின் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசி அதன் கழிவுகளை வாங்கிக்கொள்கிறது என்று கண்டனர். ஆனால் அப்பாசி பவளத்துக்கு உணவூட்டுகிறது என்பதை யாங் ஏற்கவில்லை. அதற்கு ரேடியோக் கார்பன் வர வேண்டியிருந்தது. பவளத்தின் நெருங்கிய உறவாகிய கடற்சாமந்தியில், பாசி தயாரித்த கரிச்சத்து விலங்கின் உடலுக்குள் சேர்வதை மஸ்கட்டைன் என்பவரும் அவர் ஆசிரியரும் 1958-இல் நேரடியாகக் காட்டினர். வாரத்துக்கு உழும் குடியானவன் நிலக்காரனுக்கு விளைச்சலை அளந்து விடுவதுபோல், பாசி வெயிலில் விளைவித்ததில் பெரும்பங்கைப் பவளத்துக்குத் தருகிறது; பவளமோ தன் கழிவிலுள்ள நைட்ரஜனையும் பாஸ்பரத்தையும் வெளியே விடாமல் பாசிக்கே திருப்பிக் கொடுக்கிறது.

இந்த ஏற்பாடு நிலைப்பது, பாசி சற்றே பசியோடு இருக்கும் வரையில்தான். புறநீரில் நைட்ரேட் மிகுந்துவிட்டால், பாசி தன் விளைச்சலைத் தன் இனத்தைப் பெருக்குவதிலேயே செலவிடுகிறது; பவளத்துக்குச் சேரவேண்டிய பங்கு குறைகிறது; கிளைகள் பழுப்பேறி நிறம் மங்குகின்றன. பாஸ்பேட் மிகுந்தால் சுண்ணாம்புப் படிகம் உருவாகும் இடத்தில் அது ஒட்டிக்கொண்டு எலும்புக்கூட்டின் வளர்ச்சியைத் தடுக்கிறது. வெளியே வளரும் இழைப்பாசிகள் இவ்விரண்டையும் உண்டு கொழுத்துப் பவளத்தை மூடுகின்றன. ஹவாயில் கானியோஹி விரிகுடாவில் பல ஆண்டுகள் விழுந்துவந்த நகரச் சாக்கடையை 1977, 1978-ஆம் ஆண்டுகளில் வேறு திசைக்குத் திருப்பிய பிறகு, பவளத்தை மூடியிருந்த பச்சைப்பாசி பின்வாங்கியது. கடல் முழுவதையும் சோதனைச்சாலையாக்கிக் காட்டிய அந்நிகழ்ச்சி ஆராய்ச்சியாளர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

கற்பவளத்தை வீட்டுத் தொட்டியில் உயிரோடு வளர்ப்பது, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் ஏறக்குறைய அசாத்தியமாகவே கருதப்பட்டது. ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்னும் ஆர்வலர், உயிரினங்கள் அப்பிய பவளக்கல்லையும் மணலையும் கடலிலிருந்து அப்படியே கொண்டுவந்து தொட்டியிலிட்டு, காற்றுக் குமிழியைத் தவிர வேறு கருவியின்றி வளர்த்த முறையை 1961-இல் எழுதி வெளியிட்டார். அவர் முறையின் மர்மம் அந்தக் கல்லுக்குள் இருந்தது. ஆக்சிஜன் படும் மேற்புறத்தில் வாரிங்டன் கண்ட நுண்ணுயிர்கள் மீனின் கழிவை நைட்ரேட்டாக்க, ஆக்சிஜன் எட்டாத உட்புழைகளில் வாழும் வேறு நுண்ணுயிர்கள் அந்த நைட்ரேட்டைச் சிதைத்து நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றுக்குத் திருப்பி அனுப்பின. பின்னர் பெர்லின் நகரத்து ஆர்வலர்கள் உயிர்க்கல்லோடு, நுரையை எழுப்பிக் கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மர் என்னும் கருவியையும், பிரகாசமான விளக்கையும் சேர்த்துக் கற்பவளத்தை ஆண்டுக்கணக்கில் வளர்த்துக் காட்டினர்.

தொட்டியில் சேரும் நைட்ரேட்டைக் குறைக்க அவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் கையாண்ட உபாயங்கள், சிவகாசிக்காரர் எவரையும் திடுக்கிட வைக்கும். ஓர் உபாயம் கந்தகம்: கந்தக மணிகள் நிறைந்த குழாயின் வழியே தொட்டி நீரை மிக மெதுவாகச் செலுத்தினால், அங்கே குடியேறும் நுண்ணுயிர்கள் கந்தகத்தை எரிபொருளாகவும் நைட்ரேட்டை மூச்சுக்காற்றாகவும் கொண்டு வாழ்ந்து, நைட்ரஜன் வாயுவை வெளியேற்றும், அப்போது உண்டாகும் புளிப்பைத் தணிக்க, வெளிவரும் நீரைச் சுண்ணாம்புக்கல் நொறுக்கின்மேல் ஓடவிடுவர். மற்றோர் உபாயம் கரி: கரிச்சத்துள்ள சர்க்கரை, வினிகர், சாராயம் ஆகியவற்றில் ஒன்றைத் துளித்துளியாக நீரில் சேர்த்தால், அதை உண்டு பெருகும் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் தம் உடலில் ஏற்றுக்கொள்ள, ஸ்கிம்மரின் நுரை அவற்றை வாரிக்கொண்டு போகும். வெடியுப்பு 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு என்பது கருமருந்தின் புராதனமான பிரமாணம். மருந்து அறையில் ஒரு பொறி பட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் நைட்ரேட் கந்தகத்தையும் கரியையும் எரித்து நைட்ரஜனைக் கக்குகிறது. கந்தகக் குழாயிலோ அதே நைட்ரேட் அதே கந்தகத்தை, வெப்பமும் ஒளியும் ஓசையும் இன்றி, வாரக்கணக்கில் எரித்து அதே நைட்ரஜனை விடுகிறது. எத்தனையோ உயிர்களைப் பலிகொண்ட ஒரு ரசாயன வினை, நுண்ணுயிரின் கையில் இத்தனை சாந்தமாக நிகழக்கூடும் என்பதைச் சாத்தூர், சிவகாசி வட்டாரத்துப் பள்ளிக்கூடங்களில் ஒவ்வொரு மாணவனுக்கும் கற்பிக்க வேண்டும் என்பது என் ஆசை.

நைட்ரேட்டை ஒழிக்கக் கற்றவர்கள் அடுத்து ஒரு தவறான முடிவுக்கு வந்தனர். கடல் வறியது, ஆதலால் தொட்டியும் வறியதாக இருக்கவேண்டும், எவ்வளவு வறியதோ அவ்வளவு நன்று என்று எண்ணி, நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் சோதனையில் தென்படாத அளவுக்குத் துடைத்தெடுத்தனர். பவளங்கள் முதலில் மென்மையான வர்ணங்களோடு அழகாகத் தோன்றி, பின்னர் வெளுத்து, அடியிலிருந்து சதை உரிந்து மடிந்தன. அவை விட்ட இடத்தைப் பழுப்பு நிறக் கொழகொழப்பான பாசி பிடித்துக்கொண்டது. வெளிக்கடலில் நைட்ரேட் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருப்பது மெய்யே. ஆனால் அங்கே ஓயாத அலையும் நீரோட்டமும் இரவுதோறும் எழும் நுண்விலங்குக் கூட்டமும் உணவைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டேயிருக்கின்றன. அந்த வரத்து இல்லாத தொட்டியில் நீரின் வறுமை பட்டினியாகிவிடுகிறது.

அளவைப் போலவே விகிதமும் முக்கியம் என்பது இதற்குப் பிறகே தெளிவாயிற்று. கடல்நீரின் மிதவை உயிர்களில் பாஸ்பரத்தின் ஓர் அணுவுக்கு நைட்ரஜனின் பதினாறு அணுக்கள் என்ற விகிதம் காணப்படுவதை ஆல்பிரட் ரெட்பீல்ட் என்ற அமெரிக்க அறிஞர் முன்பே எடுத்துக்காட்டியிருந்தார். 2013-இல் இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்து வீடன்மன் குழுவினர், தொட்டியில் வளர்த்த பவளங்களைக் கொண்டு, நைட்ரேட் மிகுந்து பாஸ்பேட் அற்றுப்போகும் நிலையே மிகக் கொடியது என்று நிரூபித்தனர். நைட்ரஜனை உண்டு பெருகும் பாசி பாஸ்பரம் கிடைக்காமல் தன் உயிரணுச் சவ்வுகளைச் செவ்வனே கட்டமுடியாது நலிய, கோடையின் வெப்பமும் வெயிலும் தாக்கும்போது பவளம் எளிதில் வெளுத்துவிடுகிறது. இன்று அனுபவசாலிகள் நைட்ரேட்டை லிட்டருக்கு 2 முதல் 10 மில்லிகிராம் வரையிலும், பாஸ்பேட்டை 0.03 முதல் 0.1 வரையிலும் நிறுத்தி, அந்த எண்ணைவிட அது நாளுக்கு நாள் தடுமாறாதிருப்பதையே பெரிதாகக் கருதுகின்றனர். மிகுந்தால் நீரை மாற்றுகின்றனர், மீனுக்கு இடும் தீனியைக் குறைக்கின்றனர், பாஸ்பேட்டை ஈர்க்கும் இரும்புத் துருக் குருணையை வைக்கின்றனர். குறைந்தால், பட்டாசு ஆலையின் கிட்டங்கியில் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும் உப்பின் இனத்தைச் சேர்ந்த சோடியம் நைட்ரேட்டைக் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விடுகின்றனர்.

நம் கரையில் பவளத்தை எடுத்துத் தொட்டியில் வைப்பதற்குச் சட்டம் இடந்தருவதில்லை, தரவும் கூடாது. சுண்ணாம்புக்கும் கார்பைடு போன்ற ஆலைத் தொழில்களுக்குமாக முருகைக்கல்லைப் பெயர்த்துப் பெயர்த்துத் தோணியில் ஏற்றியதனால், தூத்துக்குடிக்கு எதிரே விலாங்குச்சல்லி, கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டி என்னும் இரு தீவுகள் அலைக்கு அரணிழந்து கடலில் மூழ்கின. 1986-இல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா ஏற்பட்டது. 2001-இல் கற்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. ஆதலால் தமிழ்நாட்டில் பவளம் வளர்க்கும் கலையின் உயர்ந்த வடிவம் கடலுக்குள்ளேயே நடைபெறுகிறது. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் 2002 முதல் சிமெண்டுச் சட்டங்களில் பவளத் துண்டுகளைக் கட்டிப் பாருக்குள் நட்டு வளர்த்துவருகின்றனர். அங்கே நீரை மாற்றுவதற்கோ துருக் குருணையை வைப்பதற்கோ வழியில்லை. நிலத்திலிருந்து எது வருகிறதோ அதுவே பவளத்துக்கு வாய்க்கும் நீர். 2019-ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில், மீனவர் பூங்கோரை என்னும் நுண்ணுயிர் பெருகி மண்டபம் பக்கத்துக் கடலைப் பச்சையாக்க, நீரில் ஆக்சிஜன் குன்றி மீன்களும் பவளங்களும் மடிந்தன.

நிலத்திலிருந்து வருவதில் நம் விருதுநகர் மாவட்டத்தின் பங்கும் உண்டு. மேற்குத்தொடர்ச்சி மலையில் பிறக்கும் வைப்பாறு, இருக்கன்குடியில் அர்ச்சுனா நதியைச் சேர்த்துக்கொண்டு, சாத்தூர்ச் சீமையின் வயல் உரத்தையும் ஊர்க் கழிவையும் ஏந்தி மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. விருதுநகரின் சாக்கடையைச் சுமக்கும் கௌசிகா நதியும் குல்லூர்ச்சந்தை அணை வழியாக அதே வடிநிலத்தைச் சேர்ந்தது. ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாய்க் கிடக்கும் ஆறு ஐப்பசி, கார்த்திகையில் பெருகும்போது, பல மாதங்களாகத் தேங்கிய நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் முதல் வெள்ளத்தில் ஒருங்கே கடலை அடைகின்றன. தொட்டி வைத்திருப்பவர் எவரும் தம் பவளத்தின்மேல் அப்படி ஒரே நாளில் கொட்டத் துணியமாட்டார். வெடியுப்பை மில்லிகிராம் துல்லியத்தில் நிறுக்கவும் கலவையைச் சோதிக்கவும் தெரிந்த ரசாயனக் கூடங்களும், அவற்றில் பயின்ற இளைஞர்களும் சிவகாசியில் ஏராளம். வைப்பாற்றின் முகத்துவாரத்தில் ஐப்பசியின் முதல் வெள்ளம் வரும் நாள் தொடங்கி அது வடியும் வரையில், ஒரு குழுவினர் நாள்தோறும் நீர் மொண்டு, நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் அளந்து, அவ்வளவுகளைத் தூத்துக்குடியில் பவளத்தை நட்டு வளர்ப்போரிடம் சேர்ப்பிக்க வேண்டும். முதலாண்டுக்கு ஒரு படகும் இரண்டு சோதனைப் பெட்டிகளும் நாலைந்து மாணவர்களும் போதும்.